ஆதுலர் சாலையும் பதினாறாம் நோயாளியும்

காஞ்சிபுர மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் அமைந்தது திருமுக்கூடல் என்னும் சிற்றூர். அவ்வூர்த் திருமால் கோயிலின் சுவரிற் பொறிக்கப்பெற்றுள்ள வீரராசேந்திர சோழனது கல்வெட்டு, தென்னாட்டு மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் அனைவரும் எடுத்தாளும் சான்றாகும். அவ்வரசனது ஆட்சி கி. பி. 1063இல் தொடங்கியதாகக் கொண்டால், கல்வெட்டின் காலம் 1069ஐ ஒட்டியதாகும். கோயிலின் நாள்வழிபாடு, திருவிழாச் செலவு, வேதமும் வியாகரணமும் கற்பித்த பள்ளி, அப்பள்ளி மாணவர் உண்டு உறைந்த விடுதி ஆகியவற்றுக்குரிய நிவந்தங்களை வரிசையாகக் கூறிவரும் இக்கல்வெட்டு, அவற்றோடு 'வீரசோழன்' என்னும் பெயர் பூண்ட ஆதுலர் சாலை ஒன்றனையும் குறிக்கின்றது. ஆதுலர் சாலையாவது, இக்காலத்தார் மருத்துவமனை என்று வழங்குவது.

இச்சாலையைப் பற்றி எழுதிய அறிஞர் பலரும் சோழப் பேரரசின் ஆட்சித் திறத்திற்கு அதனை ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டி அமைவர். அது தகும். ஆயினும், கட்டிலிற் கிடந்த நோயாளியின் பக்கத்திலிருந்து அக்கல்வெட்டைப் படித்தவர் அரியர். வலியும் அச்சமும் ஒருங்கே கொண்ட ஒருவன் இச்சாலைக்கு வந்தால் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? அவன் இரவில் வந்திருந்தால் என்னாகும்? அவனுக்கு இடமில்லாதிருந்தால் என்னாகும்? இவ்வினாக்களை எழுப்புவதற்குத் திருக்குறள் நமக்கு இடந்தருகின்றது. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளியை முதலிலும், தீர்ப்பவனை அடுத்தும், மருந்தையும் அருகிருந்து உதவுவோனையும் பின்னரும் வைக்கின்றார். வடமொழிச் சரக சங்கிதையும் இந்நான்கனையே கூறும். ஆனால் அங்கு மருத்துவன் முதலிடம் பெற, நோயாளி கடையிடம் பெறுகின்றான். இவ்வரிசை மாற்றம் தற்செயலாக அமைந்ததென்று யாம் கருதவில்லை. திருமுக்கூடற் கல்வெட்டோ, நான்கனுள் மூன்றற்கும் பெயரும் ஊதியமும் விலையும் கூறி, நான்காவதாகிய நோயாளியை ஓர் எண்ணாக மட்டுமே காட்டுகின்றது. அவ்வெண் 15.

கல்வெட்டின் கணக்கை முதலிற் காண்போம். மருத்துவராக அமர்த்தப்பெற்றவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பார். அவருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் உரியன. சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்வானுக்கு 30 கலம் நெல். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து ஆக்கும் பணியாளர் இருவருக்கு 60 கலம் நெல்லும் 2 காசும். நோயாளிகளுக்கு உடனிருந்து மருந்தூட்டும் பெண்டுகள் இருவருக்கு 30 கலம் நெல்லும் 1 காசும். நாவிதனுக்கு 15 கலம். தண்ணீர் கொணர்வானுக்கு 15 கலம். ஆண்டு முழுமைக்கும் மருந்துச் செலவு 40 காசு. நோயாளி ஒருவர்க்கு நாளொன்றுக்கு அரிசி ஒரு நாழி.

கலம் 12 குறுணி, குறுணி 8 நாழி என்னும் வாய்பாட்டாலும், ஆண்டுக்கு 360 நாள் என்னும் கணக்காலும் வகுத்துப் பார்த்தால் இவ்வெண்களின் அடிப்படை விளங்கும். மருத்துவருக்கு நாள்தோறும் முக்குறுணி நெல்; அறுவை செய்வானுக்குக் குறுணி; மருந்து கொணர்வார்க்குத் தலைக்குக் குறுணி; பெண்டுகளுக்குத் தலைக்கு நானாழி. ஆக, பணியாளர் எண்மருக்கும் நாளொன்றுக்கு 64 நாழி நெல் அளக்கப்பட்டது. நோயாளிகளின் அரிசி 15 நாழி. சோழர் கல்வெட்டுகளில் ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்னும் வீதம் பயின்று வருதலால், அது 37½ நாழி நெல்லுக்கு ஒக்கும். கட்டிலிற் கிடந்தவன் உண்டது இரண்டரை நாழி நெல். அவனருகே நின்ற பெண் பெற்றது நான்கு நாழி நெல். அப்பெண்ணின் ஊதியம் அவளையன்றி அவள் மனையில் இருந்தோரையும் உண்பித்திருத்தல் வேண்டும். இவை பெருவாழ்வுக்குரிய அளவுகள் அல்ல. எனினும் பசித்துக் கிடக்கும் நிலை நோயாளிக்கு ஏற்படவில்லை என்பது தெளிவு.

இக்கணக்கில் எம் கருத்தை மிகுதியும் ஈர்த்தது விளக்கெண்ணெய்ச் செலவாகும். இரவு முழுவதும் எரியும் விளக்கு ஒன்றற்கு ஆண்டுக்கு 45 நாழி எண்ணெய் ஒதுக்கி, அதற்கு 2¼ காசு விலையும் கல்வெட்டுக் குறிக்கின்றது. நாளொன்றுக்கு வகுத்தால் அரைக்கால் நாழி, அஃதாவது சரியாக ஓர் ஆழாக்கு. கோயில் நந்தாவிளக்குகளின் எண்ணெய்க் கணக்கை நாம் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளிற் கண்டு பழகியுள்ளோம். அவை இறைவன் திருமுன் எரிவன. அவற்றை இட்டோர் புண்ணியம் கருதினர். ஆதுலர் சாலையில் எரிந்த விளக்கு அத்தகையதன்று. நோய் இரவிற் கடுமையாகும் என்பதையும், கடுமையாகும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க ஒளி வேண்டும் என்பதையும் அறிந்த ஒருவர் வகுத்த செலவு இது. இரவில் எழுந்து வருவோர் உண்டென்பதற்கு இவ்வோர் ஆழாக்கு எண்ணெயே சான்று. அவ்வாறு எழுந்து வந்தவர் மருத்துவராதல் அரிது. அப்பெண்டுகள் இருவருமே ஆதல் வேண்டும்.

இனி, உடனடி மருத்துவத்திற்கு இச்சாலை எவ்வளவு இடந்தந்தது என்பதை நோக்குவோம். ஓராண்டுக்குச் சேர்த்து வைக்கவேண்டிய மருந்துகளாக 20 பெயர்கள் காணப்படுகின்றன. கடுக்காயை முதலாகக் கொண்டு ஆடாதோடையோடும் பத்து வேர்களோடும் சேங்கொட்டையோடும் கூட்டிய மருந்துகள், வெள்ளைப் பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம், வில்வ நெய், கல்யாணக லவணம், நாட்பட்ட நெய் ஆகிய புராண கிருதம் முதலியன அவை. இவற்றுட் பெரும்பாலன இருமல், வாதம், வயிற்று நோய் போன்று நாள்பட நின்று வருத்தும் பிணிகளுக்கு உரியன. திடீரென நேரும் காயத்திற்கும் கடிக்கும் உரியவை என்று துணிந்து கூறத்தக்கவை மிகச் சில. அறுவை செய்வானுக்கு மருத்துவரின் நெல்லில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. காசு ஒன்றும் இல்லை. இதனைக் கொண்டு அறுவை மருத்துவம் இழிவாகக் கருதப்பட்டது என்பாரும் உளர். அவனது பணி நாள்தோறும் வேண்டப்படாமையால் ஊதியம் குறைந்தது என்று கொள்ளுதலும் கூடும். எவ்வாறாயினும், வேண்டும்போது அழைப்பதற்காக ஒருவனை நாள்தோறும் குறுணி நெல் அளந்து வைத்திருந்தனர் என்பது மறுக்கவியலாது. நோயாளி வந்த பின் அறுவையாளனைத் தேடிப்போகும் நிலை இல்லை. நாவிதனும் இங்குக் கருதத்தக்கவன். நாவிதர் மனைவியரே ஊர்களிற் பேறுகாலம் பார்த்து மருத்துவச்சி எனப் பெயர் பெற்றதும், அவ்வினத்தாரே மருத்துவர் எனப்பட்டதும் தமிழ் வழக்கில் உள்ளன.

சாலைக்கு வெளியே, ஊர்களில், வேறொரு முறை நிலவியது. வைத்தியர்க்கு விடப்பட்ட நிலம் வைத்தியபோகம் எனவும், பாம்புக்கடி முதலியவற்றுக்கு நஞ்சு நீக்குவோர்க்கு விடப்பட்ட நிலம் விஷஹரபோகம் எனவும் வழங்கின. நஞ்சு ஏறியவனைத் தூக்கிக்கொண்டு காத தூரம் செல்ல இயலாது. ஆதலின் நஞ்சு தீர்ப்பவனை ஊரிலேயே நிலங்கொடுத்து நிறுத்தினர். அழைத்த பொழுது அவன் வருதல் வேண்டும். நாள்பட்ட நோயாளி சாலைக்குச் செல்வதும், உயிர்க்கு இறுதி நேரும் போழ்தில் மருத்துவன் நோயாளியிடம் வருவதும் ஆகிய இருவகை ஏற்பாடும் ஒரே காலத்தில் இருந்தன. அவசர மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் ஆதுலர் சாலையை மட்டும் கண்டு, விஷஹரபோகத்தை விட்டுவிடுதல் குறையாகும் என்பது எம் கருத்து.

திருமுக்கூடற் சாலையின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது? கல்வெட்டு சாலையைப் பள்ளியோடும் விடுதியோடும் கோயிலோடும் சேர்த்தே கூறுகின்றது. ஆகவே பள்ளி மாணவரும் கோயிற் பணியாளருமே அதன் முதலுரிமையாளர் எனக் கொள்ளுதல் பொருந்தும். வழிப்போக்கனும் வயலிற் பணிபுரிந்தவனும் உள்ளே ஏற்கப்பட்டனர் எனக் கூறுதற்குச் சான்றில்லை. 15 கட்டில்களும் நிரம்பியபின் ஒருவர் வந்தால் அவர் நிலை யாது? அவரைப் பதினாறாம் நோயாளி என்று யாம் அழைக்க விரும்புகின்றோம். கல்வெட்டு அவரை அறியாது. நிவந்தத்தின் இயல்பே அதுதான். அரிசி 15 நாழி, அதற்கு மேல் இல்லை. கணக்கு எவ்வளவு திருந்தியதோ அவ்வளவுக்கு அதன் எல்லையும் கடியது.

ஆதுலர் என்னும் சொல்லும் ஈண்டு ஆராய்தற்பாலது. நோயுற்றவன் எனப் பொருள்படும் 'ஆதுர' என்னும் வடசொல் ரகரம் லகரமாகத் திரிந்து தமிழில் வந்தது. வந்தபின் அதன் பொருள் விரிந்தது. ஆதுலன் என்றால் வறியவன் என்றும் நிகழ்ந்தது. முப்பத்திரண்டு அறங்களை எண்ணுவோர் ஆதுலர்க்குச் சாலையை முதலில் வைத்து, நோய்க்கு மருந்து கொடுத்தலைத் தனியறமாகப் பின்னர் எண்ணுவர். எனவே அப்பட்டியலில் ஆதுலர் என்பது வறியோரைக் குறித்தல் வெளிப்படை. காஞ்சியில் அம்மை இருநாழி நெற்கொண்டு அம்முப்பத்திரண்டு அறமும் வளர்த்தாள் என்னும் கதை வழங்கும் நிலத்திலேயே திருமுக்கூடலும் உள்ளது. நோயாளியும் இரப்போனும் ஒரு சொல்லால் அழைக்கப்பட்ட சமுதாயத்தில், மருந்து பெறுதல் அறம் பெறுதலாக இருந்ததே அன்றி உரிமையாக இருந்ததில்லை.

இச்சாலை தனித்த ஒன்றன்று. இதற்கு முன்னர்த் தஞ்சையிற் குந்தவைப் பிராட்டியார் தம் தந்தை பெயரால் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலையை நிறுவி அதற்கு நிலம் அளித்திருந்தார். ஆந்திர நாட்டு மல்காபுரத்தில் 13ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், காகதீயர் காலத்துச் சைவ ஆசாரியர் ஒருவர் மகப்பேற்றுச் சாலையும் ஆரோக்கிய சாலையும் வைத்த செய்தி தூண் கல்வெட்டொன்றால் அறியப்படும். இவற்றை விரிப்பின் பெருகும்.

ஆங்கில வணிகர் காலத்தில் ஆதுலர் சாலை என்னும் சொல் வழக்கு வீழ்ந்தது. ஆஸ்பத்திரி என்னும் சொல் வந்தது. சென்னைக் கோட்டையினுள் 1664இல் ஒரு மனையில் தொடங்கப்பெற்ற மருத்துவமனை, கும்பினியின் நோயுற்ற படைவீரர்க்கு உரியது. 1772இல் அது இப்போது பொது மருத்துவமனை நிற்கும் இடத்திற்கு மாறியது. நம் நாட்டு மக்கள் அதனுள் மருத்துவம் பெற இசைவு கிடைத்தது 1842இல். அஃதாவது 178 ஆண்டுகள் அவ்வாயில் தன் நிறுவனத்தாருக்கே உரியதாக இருந்தது. திருமுக்கூடலுக்கும் இதற்கும் இடையே அரசு வேறு, மொழி வேறு, மருந்து வேறு; வாயிற்காவலின் இயல்பு மட்டும் ஒன்றே.

ஆனால் அதே சென்னையில், நகரின் வடபால், வேறொரு வாயில் திறந்தது. ஐதர் அலியோடு நடந்த போரின் விளைவாகப் பஞ்சம் நேர்ந்தபோது, 1782இல் மணியக்காரர் சத்திரத்திற் கஞ்சி வார்க்கப்பட்டது. கஞ்சிக்கு வந்தோருள் நோயுற்றோர் பலர் இருந்தமை வியப்பன்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் கும்பினி மருத்துவர் அங்கு நம் நாட்டார்க்கென மருத்துவ நிலையம் ஒன்றனை ஏற்படுத்தினார். அதுவே பின்னர் வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. ஆளுநரின் பெயர் அதற்கு 1930க்குப் பிந்திய ஆண்டுகளிலே வந்தது. வடசென்னை மக்களோ நெடுங்காலம் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். ஆதுலர் என்னும் பழஞ்சொல்லில் வறுமையும் நோயும் கூடியிருந்தவாறே இப்பெயரிலும் அவை கூடியுள்ளன. சொல்லை மறந்த மக்கள் பொருளை மறவாதிருந்தனர். தமிழ்நாட்டு ஊர்களில் அரசு மருத்துவமனையைத் தருமாஸ்பத்திரி என்று கூறும் வழக்கும் இவ்வகையினது. வரிப்பணத்தால் நடப்பதனை மக்கள் தருமம் என்றனர். அங்குச் செல்வோர் கைகட்டி நின்றனர். இப்பெயர்களை இலக்கியத் தமிழுக்குப் புறம்பானவை என்று ஒதுக்குதல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று.

பதினாறாம் நோயாளி ஆவணத்தில் தெளிவாகத் தோன்றுவது 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான். அவர் தமிழர் அல்லர். மேற்கு வங்கத்து உழவுத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் உறுப்பினர். 1992 சூலை 8ஆம் நாள் இரவு ஏழே முக்கால் மணியளவில் மதுராப்பூர் நிலையத்தில் புகைவண்டியிலிருந்து விழுந்து தலையிற் கடுங்காயமுற்றார். அருகிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குரிய வசதியில்லை. அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நள்ளிரவை ஒட்டி அடைந்த பெருமருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, உடனே சேர்க்கவேண்டியவர் என்று எழுதியும் கொடுத்தனர். ஆனால் கட்டில் இல்லை என்றனர். அதன்பின் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு. ஓரிடத்திற் கட்டில் இல்லை. ஓரிடத்தில் மூளை அறுவைக்குரிய வசதி இல்லை. பொழுது விடிந்தபின் எடுத்த படத்தில் மூளையிற் குருதிக் கசிவு காணப்பட்டது; அப்பொழுதும் சேர்க்கப்படவில்லை. இறுதியில் தனியார் மருத்துவமனை ஒன்று அவரை ஏற்றது. சூலை 22 வரை அங்கிருந்து, ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டு உயிர் பிழைத்தார்.

இதனை ஒரு தனிமனிதனின் ஊழ் என்று அவருடைய சங்கத்தார் விடவில்லை. அவரும் சங்கமும் உச்சநீதிமன்றத்தை அடைந்தனர். 1996 மே 6இல் வந்த தீர்ப்பு, அவசர நிலையில் உள்ளவனுக்கு அரசு மருத்துவமனை உரிய காலத்தில் மருத்துவம் செய்யாமை, அரசியலமைப்பின் 21ஆம் விதி உறுதி செய்யும் உயிர்வாழ் உரிமையை மீறுவதாகும் என்றது. இழப்பீடாக 25,000 ரூபாய் வழங்கச் செய்தது. பொருளில்லை என்பதைக் காரணமாகக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து நீங்கலாகாது என்றும் கூறியது. காயமுற்றவனுக்கு மருத்துவம் செய்யக் காவல்துறை நடைமுறை முடியும்வரை காத்திருத்தல் கூடாது என்பதை அந்நீதிமன்றமே 1989இல் வேறொரு வழக்கிற் கூறியிருந்தது. இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

இவ்வழக்கை ஒட்டி அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிவுரை ஒன்று எம் பொருளுக்கு மிக நெருங்கியது. கடுமையான நிலையில் வரும் நோயாளிக்குக் கட்டில் இல்லையாயின், உள்ளே இடம் ஒழுங்கு செய்யப்படும்வரை அவரைத் தள்ளு கட்டிலிலும், மிகவும் இன்றியமையாதபோது தரையிலுமேனும் வைத்துக் காத்தல் வேண்டும் என்பதே அது. தரையிற் கிடத்துதலை நாம் பொதுவாக அரசு மருத்துவமனையின் குறையாகவே பேசுகின்றோம், குறைதான். ஆனால் ஏற்றுக்கொண்டு தரையிற் கிடத்துவதற்கும், கட்டில் இல்லை என்று வாயிலிலிருந்து அனுப்புவதற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. நிவந்தக் கணக்கு 15இல் நின்றுவிடும். உரிமைக்கு அவ்வாறு நிற்க இடமில்லை. எந்த மருத்துவமனையிற் கட்டில் உள்ளது என்பதை உடனறிந்து நோயாளியை அங்கே அனுப்பும் பொதுச் செய்தித் தொடர்பும், கருவியும் பணியாளரும் உடைய ஊர்தியும் வேண்டும் என்று நீதிமன்றம் மேலும் பணித்தது.

தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணுக்குரிய ஊர்திப் பணி 2008இல் தொடங்கிற்று. அழைத்த இடத்திற்கு மருத்துவ உதவியாளரோடு வண்டி வருகின்றது. விஷஹரபோகம் பெற்றவன் நோயாளியிடம் சென்ற பழைய முறையை, அதனை அறியாமலே, இது மீண்டும் கொணர்ந்துள்ளது எனலாம். சாலை விபத்தில் அடிபட்டோர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை, அவர் எந்நாட்டார், எம்மாநிலத்தார் என்று பாராது கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரிலே தொடங்கப்பெற்றது. திருமுக்கூடலிலிருந்து அவ்வூர் நெடுந்தொலைவில் இல்லை. வழிப்போக்கன் ஏற்கப்பட்டமைக்குச் சான்றில்லாத சாலையின் அண்மையில், வழிப்போக்கனையே முதன்மையாகக் கருதிய திட்டம் தொடங்கியதை வரலாறு பயில்வோர் குறித்துக்கொள்ளலாம்.

ஆயினும் ஒன்றில் நாம் பழங்கணக்கினும் பின்தங்கியுள்ளோமோ என்னும் ஐயம் எமக்கு உண்டு. 15 நோயாளிக்கு உடனிருந்து உதவப் பெண்டுகள் இருவரைக் கல்வெட்டு ஊதியத்தோடு வைத்தது. இன்றைய அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு வருபவரின் தள்ளு கட்டிலைத் தள்ளுவோரும், குருதிச் சோதனைக் குழாயை ஏந்தி ஓடுவோரும், இரவெல்லாம் காலடியில் விழித்திருப்போரும் பெரும்பாலும் அவருடைய உறவினரே. வள்ளுவர் எண்ணிய நான்காம் கூறு இவ்வாறு கணக்கிற்கு வெளியே நிற்கின்றது. அவசரப் பிரிவின் விபத்துப் பதிவேட்டில், வந்த நேரமும் காயத்தின் தன்மையும் எழுதுவதோடு, அழைத்து வந்தவர் யார் என்று எழுதவும் ஓரிடம் உண்டு. சோழர் கல்வெட்டில் அதற்கு நிகரான இடமில்லை. நஞ்சுண்டவனைத் தேடி மருத்துவனை அழைக்க ஓடியவர் யார், அவர்க்கு ஊரார் செய்தது என்ன என்பன விஷஹரபோக நிலங்களைக் குறிக்கும் கல்வெட்டுகளை ஊர்தோறும் தொகுத்த பின்னரே ஓரளவு விளங்கக்கூடும். அத்தொகுப்பு இன்னும் செய்யப்பட வேண்டிய பணியாக உள்ளது.